ஹவ்வாவின் பாதை

பாவா ஆதம் மலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா, சகோதரி? போகாவிட்டாலும் அதன் பெயரைக் கேட்காமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். ஆதம் (அலை) அவர்கள் சுவனத்திலிருந்து இறங்கியபோது அவர்களின் பாதம் முதலில் பட்ட இடம் அதுதான் என்று எமது மூத்தும்மாமார் கதை சொல்லி எம்மைத் தூங்க வைத்தார்கள். சிங்கள மக்கள் அதனை ஸ்ரீபாத என்றும் சமனல கந்த என்றும் அழைக்கிறார்கள். தமிழ் மக்களுக்கு அது சிவனொளிபாதமலை. நான்கு சமயத்தவரும் ஏறும் மலை உலகில் அதிகம் இல்லை.

அதன் உயரம் 7,359 அடி, அதாவது 2,243 மீற்றர். நாட்டின் மிக உயர்ந்த மலை அதுவல்ல. பிதுருதலாகல மலை 2,524 மீற்றர் உயரமானது. ஆனால் பாவா ஆதம் மலை ஒரு கூம்பைப் போலத் தனியாக எழுந்து நிற்பதால் பார்ப்பவர் கண்ணுக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மனைவியுடனும் பதினாறு வயது மகளுடனும் நான் அந்த மலையில் ஏறினேன். நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேரவில்லை. அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். போய்ச் சேராத பயணத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது.

மகள் கேட்ட கேள்வி

வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கியவள் மகள்தான். இப்னு பதூதாவைப் பற்றி எங்கோ படித்து விட்டு வந்தவள், "வாப்பா, மொரோக்கோவில ஈந்து வந்தவரே ஏறின மலையில நாங்க ஏன் இன்னம் ஏறல்ல?" என்று கேட்டாள். அரபுக் கல்லூரியில் பாடம் நடத்துபவனுக்கு இது போதாதா? அலுமாரியிலிருந்து அவரது பயண நூலின் அரபு மூலத்தை எடுத்து, இஷாவுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

இப்னு பதூதா 1304இல் தஞ்ஜியர் நகரில் பிறந்தவர். ஹஜ்ஜுக்கென்று 1325இல் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று. அந்தப் பயணம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீண்டது. மாலைதீவில் காழியாக இருந்து விட்டு அங்கிருந்து கப்பலேறியவர், ஹிஜ்ரி 745இல், கி.பி. 1344இல், எமது கரைக்கு வந்தார். அந்நாளைய அரபிகள் இந்நாட்டை ஸரன்தீப் என்றார்கள். கடலில் இருந்தபடியே அந்த மலையைக் கண்டதாகவும், வானத்தில் எழுந்த ஒரு புகைத் தூணைப் போல அது தெரிந்ததாகவும் அவர் சொல்கிறார்.

கரையிறங்கிய இடம் புத்தளம். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் தன்னிடம் வந்த விருந்தாளியை உபசரித்து, என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதமின் பாதத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை என்றார் இப்னு பதூதா. உடனே ஒரு பல்லக்கும், தூக்குவதற்கு ஆட்களும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று வரும் நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், வேறு பத்துப் பேரும், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேரும் அவருடன் அனுப்பப்பட்டார்கள். ஒரு முஸ்லிம் அறிஞரை எமது மலைக்கு அழைத்துச் சென்றவர்கள் யார் என்பதைக் கவனித்தீர்களா?

வழியில் அட்டைகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஈரமான இடங்களில் மரத்திலும் புல்லிலும் இருந்து அவை மனிதர் மேல் தாவும் என்றும், மக்கள் எலுமிச்சை வைத்திருந்து அதன் சாற்றைப் பிழிந்து விட்டால் அட்டை விழுந்து விடும் என்றும் சொல்கிறார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கடந்து விட்டன. தேசிக்காய் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது.

மலையில் இரண்டு பாதைகள் இருந்தன என்கிறார் அவர். ஒன்றுக்கு 'பாபா' பாதை என்று பெயர். அது ஆதம் (அலை) அவர்களைக் குறிப்பது. மற்றது 'மாமா' பாதை. அது ஹவ்வா (அலை) அவர்களைக் குறிப்பது. பாபா பாதை செங்குத்தானது, ஏறுவதற்குக் கஷ்டமானது. பாறையில் படி வெட்டி, இரும்பு முளைகள் அடித்து, பிடித்து ஏறச் சங்கிலிகள் தொங்க விட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தை அடைந்தவன் கீழே பார்த்ததும் விழுந்து விடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவைச் சொல்லி விடுவானாம். மாமா பாதையோ இலேசானது. யாத்திரிகர்கள் திரும்பி வருவது அதன் வழியாகத்தான். ஆனால் அந்தப் பாதையாலேயே ஏறிப் போனவரை யாத்திரை செய்தவராக யாரும் கணக்கெடுப்பதில்லையாம்.

இதைக் கேட்டதும் மகளின் முகம் மாறியது.

"அப்ப உம்மாட பாதையால போனா கணக்கில்லையா வாப்பா?"

அன்று இரவு அவளுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் ஒன்றும் இருக்கவில்லை. "அது அந்தக் கால மக்களின் வழக்கம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அடுப்படியிலிருந்து கேட்டுக் கொண்டிருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு விளக்கம்

ஒரு மௌலவி அந்த மலைக்குப் போகலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆதம் (அலை) அவர்கள் பூமியில் எந்த இடத்தில் இறங்கினார்கள் என்று திருக்குர்ஆன் கூறவில்லை. ஹிந்து தேசத்தில் இறங்கியதாக முன்னோரிடமிருந்து வந்த செய்திகள் தப்ஸீர் நூல்களில் உண்டு. ஸரன்தீப் என்று குறிப்பிடுபவையும் உண்டு. ஆயினும் இவ்வாறு இடம் குறிக்கும் செய்திகள் இஸ்ராயீலிய்யாத் வகையைச் சேர்ந்தவை என்றும், அந்த இடத்தை நாம் அறிவதில் மார்க்கத்துக்கோ உலகுக்கோ பயன் இருந்திருந்தால் அல்லாஹ்வோ அவனது தூதரோ அதைச் சொல்லியிருப்பார்கள் என்றும் இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தமது தப்ஸீரில் தெளிவுபடுத்துகிறார்கள்.

ஆகவே நன்மையை நாடிப் பயணம் செய்ய வேண்டிய இடமாக நாங்கள் அதைக் கருதவில்லை. அதற்கென எமக்கு மூன்று பள்ளிவாசல்கள் உள்ளன. அல்லாஹ்வின் படைப்பைக் காணவும், எம் முன்னோர் நடந்த வழியை மகளுக்குக் காட்டவும் போனோம். அயலவர் புனிதமாக மதிக்கும் இடம் என்பதால் அதற்குரிய மரியாதையோடு நடந்து கொள்ள வேண்டும் என்றும் அவளிடம் சொல்லி வைத்தேன்.

மழைக்கால மலை

எமது நாட்டில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. வெளிநாடுகளில் இலை பழுத்து விழுகின்ற ஒக்டோபரில் எமக்கு இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் அடிக்கும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அந்த மாதங்களில் இரவு முழுவதும் வழி நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், சன சமுத்திரமாக இருக்கும். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

சனக் கூட்டத்தில் மனைவியையும் மகளையும் இடிபட வைக்காமல் பகலில் ஆறுதலாக ஏறலாம் என்பதுதான் என் எண்ணம். எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் ஆளில்லாத மலையில் உதவியும் குறைவு என்பதை நான் போதிய அளவு யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய்ச் சேர்ந்தோம். தங்கிய இடத்தில் தேநீர் கொண்டு வந்து தந்த முதியவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், எமது திட்டத்தைக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார். "பதினொரு மணிக்கு எங்க நின்னாலும் திரும்பிடுங்க ஐயா. பின்னேரம் மலை நம்ம மலை இல்ல." நான் சிரித்துத் தலையாட்டினேன். மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டாள்.

ஏற்றம்

சுபஹுத் தொழுது விட்டு, ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு, ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை சுமார் 7 கிலோமீற்றர். படிகள் ஏறத்தாழ 5,500. உயரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற வேண்டும். ஏழு கிலோமீற்றர் என்பது ஊரில் கடற்கரைப் பக்கம் உலாவி வரும் தூரம் என்று மகளுக்கு நான் சொல்லியிருந்தேன். மலையில் தூரத்தை அளப்பது கிலோமீற்றர் அல்ல என்பது பிற்பாடு விளங்கியது.

முதல் ஒரு மணித்தியாலம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இலேசான நடை. யாத்திரிகர்களை வரவேற்கும் மகர தோரணத்தைக் கடந்தோம். ஜப்பானிய பௌத்த துறவிகள் அமைத்த வெள்ளை நிற சமாதானத் தூபி தெரிந்தது. சீத கங்குல என்னும் குளிர்ந்த ஆற்றில் முகம் கழுவினோம். களனி, களு, வளவை ஆகிய மூன்று கங்கைகளும் இம்மலைப் பிரதேசத்தில்தான் பிறக்கின்றன. நீங்கள் வீட்டுக் குழாயில் பிடிக்கும் தண்ணீரில் ஒரு துளி இந்தக் காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

அதன் பிறகு படிகள் ஆரம்பித்தன. ஒரு படி அரை முழம், அடுத்த படி அதை விட உயரம். ஒரே அளவில் இல்லாததால் கால் ஒரு தாளத்துக்குப் பழகவில்லை. மகள் முதலில் ஓடி ஓடி ஏறினாள். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். மனைவியோ ஆரம்பம் முதல் ஒரே வேகம். பத்துப் படி, ஒரு மூச்சு. பத்துப் படி, ஒரு மூச்சு. பேசிக் கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி, பேச்சு நின்று விட்டால் வேகம் கூடி விட்டது என்று அர்த்தம் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்திருந்தாள். மலையேறுபவர்கள் சொல்லும் விதியும் அதுதான் என்று பின்னர் படித்தேன்.

பாதி வழியில் ஒரு வயோதிபச் சிங்களத் தம்பதியர் மேலிருந்து மெதுவாக இறங்கி வந்தார்கள். எங்களைக் கண்டதும் அந்த அம்மா, "கருணாவாய்" என்றார். மலையில் எதிர்ப்படுபவர்கள் சொல்லும் வாழ்த்து அது. அர்த்தம் என்ன என்று மகள் கேட்டாள். "இரக்கம் உண்டாகட்டும் என்பது போல" என்றேன். "அப்ப எங்கட ரஹ்மத் மாதிரி" என்றாள் அவள். மனைவி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்த அம்மாவிடம் சுகம் விசாரித்தாள். விடைபெறும் போது அந்த அம்மா தன் கையிலிருந்த தடியை மனைவியிடம் கொடுத்தார். எனக்கு இனி கீழே சமதரைதான், உனக்குத்தான் இது வேண்டும் என்றார். மனைவிக்கு முழங்காலில் வலி இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. எனக்கு அதுவரை தெரியாது.

பதினொரு மணி

கடைசிப் பகுதிக்கு மகாகிரிதம்ப என்று பெயர். மிகவும் செங்குத்தானது. இருபுறமும் கைப்பிடிக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள். இப்னு பதூதாவின் சங்கிலிகளுக்குப் பதிலாக இன்றைக்கு இந்தக் கம்பிகள். அதன் அடிவாரத்தை அடைந்தபோது மணி பத்து ஐம்பது. மேகம் கீழிருந்து மேலே வந்து கொண்டிருந்தது. மவுசாகலை நீர்த்தேக்கம் கண்ணுக்கு மறைந்தது. காற்று குளிர்ந்து விட்டது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு பாகை குறையும். வியர்வையில் நனைந்த உடுப்போடு நிற்கும்போது அந்த ஆறு பாகை எலும்பு வரை தெரியும்.

மனைவி ஒரு படியில் உட்கார்ந்து கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, மணி பதினொன்டாகப் போகுது. திரும்புவோம்."

உச்சி தெரிந்து கொண்டிருந்த இடத்தில் இப்போது வெறும் வெள்ளை. ஆனாலும் எனக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலப் பட்டது. "இன்னும் முக்கால் மணிதானே. கொஞ்சம் ஸப்ர் செய்தால் போய் விடலாம்" என்றேன்.

"ஏற மட்டும் கால் இருந்தாப் போதுமா? எறங்கவும் வேணுமே. ஸப்ருக்கும் பிடிவாதத்துக்கும் வித்தியாசம் நீங்கதானே பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறீங்க?"

சகோதரி, இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவது அல்ல. "அப்படியானால் நீங்கள் இங்கே இருங்கள். நானும் மகளும் போய்த் தொட்டு விட்டு வந்து விடுகிறோம்" என்று சொன்னேன். முழங்கால் வலிக்கும் ஒரு பெண்ணை, ஆளரவமற்ற மலையில், மூடுபனிக்குள் தனியாக விட்டுப் போகத் துணிந்தேன். எதற்காக? கல்லூரியில் நாளைக்கு யாராவது கேட்டால் உச்சிக்குப் போனேன் என்று சொல்வதற்காக. அதற்கு மேல் ஒரு காரணமும் என் மனதில் இருக்கவில்லை.

மகள் என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த மலைக்காக மாதக் கணக்கில் நச்சரித்தவள் அவள். கண் கலங்கியிருந்தது. பிறகு தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொண்டாள்.

"உம்மாவ விட்டுட்டு நான் வரல்ல வாப்பா."

அத்துடன் முடிந்தது. ஈச்சம்பழத்தையும் தண்ணீரையும் பகிர்ந்து கொண்டு பதினொரு மணி ஐந்து நிமிடத்துக்கு இறங்க ஆரம்பித்தோம். நான் கோபத்தோடுதான் இறங்கினேன். ஒரு மணித்தியாலம் யாரோடும் பேசவில்லை.

இறக்கம்

பன்னிரண்டேகாலுக்கு மழை பிடித்தது. தூறலாக வராமல் கொட்டியது. படிக்கட்டு ஓர் ஓடையாக மாறியது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மகள் எண்ணிக் கொண்டு வந்தாள். ஒலி ஒரு கிலோமீற்றர் கடக்கச் சுமார் மூன்று விநாடி எடுக்கும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தாளாம். ஒன்பது, ஏழு, ஆறு என்று எண்ணிக்கை குறைந்தது. இரண்டு கிலோமீற்றர். எமக்குப் பின்னால், நாங்கள் விட்டு வந்த உச்சியின் பக்கம்தான் இடி முழங்கியது. என் சொல் நடந்திருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் மறைவில்லாத பாறையில், இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருப்போம்.

இறங்குவது இலேசு என்று நினைக்கிறோம். மூச்சுக்குத்தான் அது இலேசு. ஏறும்போது தொடைத் தசை உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை உடம்பு விழாமல் ஒவ்வொரு படியிலும் பிடித்து நிறுத்துகிறது. முழங்கால் மூட்டு உடம்பின் பாரத்தைப் போலப் பல மடங்கைத் தாங்குகிறது. களைத்த காலும் ஈரமான கல்லும் சேரும் நேரம் அது. நான் ஒரு பாசிப் படியில் வழுக்கி இரண்டு படி சறுக்கினேன். மனைவி தடியை ஊன்றி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த அம்மா தந்த தடி.

நல்லதண்ணி வந்து சேரும்போது மணி மூன்றரை. ஏறியதற்குச் சமமான நேரம் இறங்கவும் பிடித்திருந்தது. உச்சிக்குப் போய் விட்டுத் திரும்பியிருந்தால் மழையில், வெளிச்சம் குறைந்த காட்டில், மாலை வரை நடந்து கொண்டிருந்திருப்போம். முதியவர் வாசலில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொண்டு வந்து தந்தார். பயணிகள் என்ற வகையில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். ஸுஜூதிலிருந்து எழும்ப என் கால்கள் மறுத்தன.

மகளுக்குச் சொன்ன பதில்

அன்றிரவு மகளின் பழைய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது.

ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவரின் வரலாறு ஏற்றத்தின் வரலாறு அல்ல, மகளே என்று சொன்னேன். அது இறக்கத்தின் வரலாறு. இருவரும் சேர்ந்தே சறுக்கினார்கள். திருக்குர்ஆன் அந்தப் பழியை ஹவ்வாவின் தலையில் மட்டும் போடவில்லை. அரபு மொழியில் இருவரைக் குறிக்க இருமை வடிவம் என்று தனியாக ஒன்று உண்டு. சறுக்கிய இடத்திலும் அந்த வடிவம்தான், மன்னிப்புக் கேட்ட இடத்திலும் அந்த வடிவம்தான். இருவரும் ஒரே வாயாகத் தங்கள் இறைவனிடம் மீண்டார்கள். அந்த மீளுதலுக்குத்தான் தவ்பா என்று பெயர். அச்சொல்லின் வேரிலுள்ள பொருளே திரும்புதல் என்பதுதான். இருபது ஆண்டுகளாக நான் மாணவர்களுக்குக் கற்பித்த பாடம் இது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த உன் உம்மா எனக்கு அதைத் திருப்பிக் கற்பித்தாள்.

மாமா பாதையால் ஏறியவரை அக்கால மக்கள் கணக்கெடுக்கவில்லை. ஆனால் பாபா பாதையால் ஏறியவர்கள் அனைவரும், இப்னு பதூதா உட்பட, வீடு திரும்பியது மாமா பாதையால்தான். அது இல்லாவிட்டால் அவர் எழுதிய பயணத்தை எமக்குச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

மகள் தாயைப் பார்த்துச் சிரித்தாள். "கணக்கெடுக்காட்டியும் பரவாயில்ல" என்றாள் மனைவி. "எல்லாரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தாப் போதும்." முழங்காலுக்கு எண்ணெய் தடவிக் கொண்டிருந்தாள். நான் அந்தப் போத்தலை வாங்கிக் கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

நீங்கள் போவதானால்

இதை வாசித்து விட்டு மலையே வேண்டாம் என்று இருந்து விடாதீர்கள். வெயிலும் காற்றும் காடும் எமது பெண்களுக்கும் உரியவைதான். அடுப்படியிலும் பாடசாலை வாசலிலும் ஆண்டு முழுவதும் நின்று களைத்த கால்களுக்கு ஒரு நாள் மலையில் நடப்பது நல்லது. ஆனால் ஆயத்தத்தோடு போங்கள்.

போக நினைக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாளாந்தம் அரை மணித்தியாலம் நடவுங்கள். வீட்டில் மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். நெஞ்சு வருத்தம், அழுத்தம், சீனி உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். முழங்காலில் வலி இருந்தால் வீட்டாரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆண்களே, அவர்கள் சொல்லும் வரை காத்திருக்காமல் நீங்களாகக் கேளுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு யாத்திரைக் காலமே ஏற்றது. கூட்டம் இருந்தாலும் விளக்கும் தேநீரும் துணையும் இருக்கும். பௌர்ணமி நாட்களையும் வார இறுதிகளையும் தவிர்த்தால் நெரிசல் குறைவு. அட்டன் பக்கத்துப் பாதை கிட்டியது. இரத்தினபுரிப் பக்கமாக ஏறுவது நீண்டது, கடினமானது. பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடங்க வேண்டாம்.

அடியில் பிடிப்புள்ள சப்பாத்து அணியுங்கள். புதுச் சப்பாத்து வேண்டாம். அபாயாவின் கீழ்ப்பகுதி படியில் மிதிபடாத அளவுக்கு உயரமாக இருக்கட்டும், உள்ளே தளர்வான காற்சட்டை இருக்கட்டும். மேலே அணிய ஒரு கம்பளிச் சட்டையை நனையாத பையில் வைத்துக் கொள்ளுங்கள். ஏறும்போது அதை அணிய வேண்டாம், நிற்கும்போது அணியுங்கள். தண்ணீர், ஈச்சம்பழம், கொஞ்சம் உப்புச் சுவையுள்ள தின்பண்டம், டோர்ச் லைட், தேசிக்காய், ஒரு தடி. இவ்வளவும் போதும். கொண்டு போன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். அந்த மலைக்காடு உள்ளிட்ட மத்திய மலைநாட்டை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். களைப்பும் ஆசையும் சேர்ந்த இடத்தில் நிதானமான முடிவு வராது. முடிவைக் கீழே இருக்கும்போதே எடுத்து, குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் கையில் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அவர் போதும் என்றால் எல்லோருக்கும் போதும்.

அந்தத் தடி இன்றும் எமது வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. மகள் மறுபடியும் போக வேண்டும் என்கிறாள். இம்முறை யாத்திரைக் காலத்தில் போவோம், நேரம் பார்ப்பது உம்மா என்று பேசி வைத்திருக்கிறோம். உச்சியைக் காண்பதும் காணாததும் அல்லாஹ்வின் நாட்டம். ஆத்மாவுக்கு அதன் சக்திக்கு மேல் சுமத்தாத அந்த ரஹ்மான், எங்களையும் உங்களையும் போன இடத்திலிருந்து நலமாக வீடு திரும்புபவர்களாகவும், பிழை கண்டவுடன் அவன் பக்கம் திரும்புபவர்களாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.